ஆங்கில அசைன்மென்ட்: பிள்ளைகள் தங்கள் நாளிலிருந்து எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நேரம் இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இன்னும் சில நாட்களில் பிள்ளைகள் பலரின் ஆங்கில நோட்டில் ஒரே கட்டுரை ஏறப்போகிறது. தலைப்பு ‘மை ஹாபி’. பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பது, இல்லாவிட்டால் தோட்டம் போடுவது. கைடில் அப்படித்தான் இருக்கிறது. எழுதுகிற பையன் தபால்தலையைக் கையால் தொட்டிருக்க மாட்டான். ஆனால் கெண்டைக்கு என்ன இரை, விராலுக்கு என்ன இரை, வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக வரும்போது தூண்டிலை எந்த ஓரத்தில் போட வேண்டும் என்று கேட்டால் கால் மணி நேரம் சொல்வான். அதில் ஒரு வரி கூட அவன் நோட்டில் வருவதில்லை.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் என்ற முறையில் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அசைன்மென்ட்டுக்கான விஷயத்தைப் பிள்ளை தன் நாளிலிருந்து எடுக்கட்டும்; வாக்கிய அமைப்பை மட்டும் ஆசிரியர் கொடுக்கட்டும். இப்போது விஷயமும் கைடிலிருந்து வருகிறது, வாக்கியமும் கைடிலிருந்து வருகிறது, பிள்ளையிடமிருந்து வருவது கையெழுத்து மட்டும். இதை வகுப்பறையில் எப்படி மாற்றலாம், எங்கெங்கே இடறும் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். கடிதம் நீளுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் அசைன்மென்ட்டாக ‘என் பொழுதுபோக்கு’ வேண்டவே வேண்டாம். ‘எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்வது எப்படி’ என்று கொடுக்கலாம். தூண்டில் கட்டுவது, பூத்தொடுப்பது, பதினொரு புள்ளிக் கோலம் போடுவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பது, எதுவானாலும் சரி. இதை முதலில் வைப்பதற்கு இலக்கணக் காரணம் உண்டு. செய்முறையை ஏவல் வாக்கியத்தில் எழுதலாம். ஆங்கில ஏவல் வாக்கியத்தில் எழுவாய் வேண்டியதில்லை, காலம் பார்க்க வேண்டியதில்லை, ஒருமைக்கு ‘எஸ்’ சேர்க்கும் தொல்லையும் இல்லை. வினைச்சொல்லை முதலில் வைத்தால் வாக்கியம் அமைந்துவிடும். ‘டேக் எ லாங் ஸ்டிக். டை த லைன் டு த ஸ்டிக். புட் எ வோர்ம் ஆன் த ஹுக். த்ரோ த லைன் இன் த வாட்டர். வெய்ட்.’ ஐந்து வரி, பிழையே இல்லை. ஆங்கிலத்தில் இதுவரை தேறாத பிள்ளைக்கும் இந்த ஐந்து வரி வரும். சிவப்பு மை படாத பக்கம் ஒன்று அந்த நோட்டில் வந்துவிட்டால் அடுத்த வாரம் அவனை எழுத உட்கார வைப்பது பாதி சுலபம்.

நாற்பது நிமிடப் பாடவேளையை இதற்கு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நிமிடம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் செய்முறையை மற்றவருக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும். இதை வீண் நேரம் என்று நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. வேலையின் வரிசை தமிழில் தெளிந்த பிறகுதான் ஆங்கிலத்தில் வரிசை வரும். அடுத்த பத்து நிமிடம் சொல் சேர்ப்பது: பத்துப் பொருட்பெயர், எட்டு வினைச்சொல். தெரியாத சொல்லுக்குப் பிள்ளைகள் கையைத் தூக்கட்டும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். கட்டு, வெட்டு, மடி, இழு, நனை, காயவை போன்ற வினைகள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தேவைப்படும், அதனால் அவற்றைப் பலகையின் ஓரத்தில் அழிக்காமல் வைக்கலாம். ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாத நம் ஊர்ப் பொருளை, தூண்டிலில் மிதக்கும் நெட்டித் தக்கையைப் போல, அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி அது என்ன என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கடுத்த பதினைந்து நிமிடம் எழுதுவது. கடைசிப் பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது. வாசிப்பவருக்கு அந்த வேலையைச் செய்து காட்ட வந்தால் கட்டுரை சரி. எந்த இடத்தில் விழிக்கிறாரோ அந்த இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

அளவை வகுப்புக்குத் தக்கபடி வைக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு ஐந்து வரி, வரிக்கு ஐந்து சொல் போதும். எட்டாம் வகுப்புக்கு எட்டிலிருந்து பத்து வரி. பத்தாம் வகுப்புக்கு நூறு சொல்லில் ஒரு பத்தி. ‘இரண்டு பக்கத்துக்குக் குறையாமல்’ என்று சொன்ன அன்றே கைடு திறந்துவிடும். சொந்தமாக இரண்டு பக்கம் ஆங்கிலம் எழுத ஏழாம் வகுப்புப் பிள்ளையால் முடியாது, அது பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவதாகத்தான் ‘என் அன்றாடம்’ வர வேண்டும். கைடில் உள்ள அன்றாடத்தில் பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, டிஃபன் சாப்பிட்டு, பள்ளி வேனில் போய், மாலையில் பூங்காவில் விளையாடுகிறது. நம் பிள்ளைகளின் நாள் வேறு. காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைக் கிளப்ப வேண்டும், பஸ் பாஸை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு மெயின்ரோடு வரை நடக்க வேண்டும். இறைவணக்கம், பாடவேளைகள், நடுவில் முட்டையோடு சத்துணவு, பத்தாம் வகுப்பு என்றால் மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், அதன் பிறகு இருட்டிய பஸ். குறுவை அறுப்பு நடக்கும் நாட்களில் களத்தில் நெல்லுக்குக் காவலும் சேர்ந்துகொள்ளும். இதில் எதை எழுதினாலும் அது கைடில் இருக்காது, ஆகவே பார்த்து எழுத வழியில்லை.

இந்த அசைன்மென்ட்டில் தவறு விழும் இடம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. தமிழில் நேரம் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். அதனால் ‘ஐ மார்னிங் செவன் தர்ட்டி பஸ் ஸ்டாப் கோ’ என்று எழுதுகிறார்கள். விதியைச் சொல்லி இதைத் திருத்த முடியாது. நோட்டில் ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகக் கோடு போடச் சொல்லுங்கள்: யார், என்ன செய்கிறார், எதை அல்லது எங்கே, எப்போது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்கு கட்டத்தில் பிரித்து எழுதி, பிறகு இடமிருந்து வலமாகச் சேர்த்து எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாக்கியம் இப்படி எழுதிய பிறகு கட்டம் இல்லாமலேயே வரிசை வரும். முதலில் ‘நான்’ என்று எட்டு வரி. மறுநாள் அதே எட்டு வரியை ‘என் அக்கா’ அல்லது ‘என் அம்மா’ என்று மாற்றி எழுதச் சொன்னால், வினையின் வாலில் ‘எஸ்’ சேரும் பாடம் தனியாக நடத்தாமலேயே நடந்துவிடும்.

இன்னொரு பிழை ‘ஐ ஆம் லைக் கபடி’, ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’. பத்தாம் வகுப்பு வரை இது போகாததற்குக் காரணம், ஆங்கிலத்தைத் தொடங்கியபோதே ‘ஐ ஆம்’ என்பதைப் பிள்ளை இரண்டு சொல்லாகப் படிக்காமல், ‘நான்’ என்பதற்கு ஒரே சொல்லாகப் படித்துக்கொண்டதுதான். அதைத் திருத்த ஒரு வழி உண்டு. ‘ஆம்’ வரும் வாக்கியத்தில் பெயரோ, வயதோ, வகுப்போ, ஊரோ, ‘இங்’ போட்ட வினையோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வெறும் வினை வந்தால் ‘ஆம்’ போக வேண்டும். ஒரு வாரம் முழுவதும் இந்த ஒரே சோதனையை வைத்தால் பலன் தெரிகிறது.

எழுத்துப்பிழைக்கான காரணத்தை ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே பார்க்கலாம். மனப்பாடப் பாட்டின் ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதப்பட்டிருக்கும். பன்றியும் ‘பிக்’, பெரியதும் ‘பிக்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பிள்ளை தமிழைப் பார்த்து மனப்பாடம் செய்து, பரீட்சையில் அந்தத் தமிழ் ஒலியிலிருந்து ஆங்கில எழுத்தை ஊகிக்கிறது. க, ட, ப மூன்றும் வரும் இடங்களிலெல்லாம் பிழை விழுவது இதனால்தான். மேலே தமிழ் எழுதுவதை அடியோடு தடுத்தால் வாசிக்கவே வராமல் போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பாட்டின் முதல் இரண்டு வரியை மட்டும் தமிழ் இல்லாமல் படிக்கச் சொல்லி, வாரத்துக்கு இரண்டு வரியாகக் கூட்டலாம்.

மழைக்காலத்துக்கான அசைன்மென்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டெல்டா மாவட்டங்களில் ஆட்சியர் காலையில் அறிவிக்கும் மழை விடுமுறை பல நாள் வரும். அன்று பிள்ளை வீட்டில் சும்மா இருக்கும், பாடமும் விட்டுப்போகும். மழை அளக்கச் சொல்லி, அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இறந்தகால வினைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பக்கம் நேராக, நெளிவில்லாமல் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் ஆகாது, அளவு தப்பும். மேல்புறம் கழுத்தை நோக்கி ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் வெட்டி, அந்தத் துண்டை மூடி இல்லாமல் தலைகீழாகக் கவிழ்த்துப் பாட்டிலுக்குள் செருக வேண்டும். அதுதான் புனல். புனலின் வாயும் பாட்டிலின் அகலமும் ஒன்றாக இருப்பது முக்கியம். கடையில் வாங்கிய அகலப் புனலை வைத்தால் பெய்ததைவிட அதிகம் காட்டும். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் மட்டம்தான் சுழியம். அந்த இடத்திலிருந்து மேல்நோக்கிப் பிளாஸ்டிக் ஸ்கேலை டேப் போட்டு ஒட்டலாம். இப்போது ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் மழை. வேறு கணக்கு எதுவும் வேண்டாம்.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கெடும். கூரை ஓரத்தில் வைத்தால் தாழ்வாரத் தண்ணீர் விழும், தென்னை அடியில் வைத்தால் மட்டை மறைக்கும். திறந்த இடத்தில், பக்கத்து மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, இரண்டு செங்கல்லுக்கு நடுவே காற்றில் சாயாமல், வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் தரையில் தெறிக்கும் சேறு உள்ளே போகும். தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்க்க வேண்டும். இந்திய வானிலைத் துறையும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கெடுக்கிறது. பார்த்ததும் தண்ணீரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெயில் அடித்து மட்டம் குறைந்திருந்தால் சுழியம் வரை ஊற்ற வேண்டும். விடாமல் கொட்டும் நாளில் பாட்டில் நிரம்பி வழிந்துவிடும். அன்று மாலையிலும் ஒரு முறை அளந்து, சுழியம் வரை கொட்டிவிட்டு, மறுநாள் காலை அளவோடு கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு வாரக் கணக்கு கையில் இருந்தால் ஆங்கிலம் தானாக வரும். ‘இட் ரெயின்ட் ஃபார்ட்டி டூ மில்லிமீட்டர்ஸ் ஆன் டியூஸ்டே.’ ‘தேர் வாஸ் நோ ரெயின் ஆன் ஃப்ரைடே.’ செவ்வாயைவிட புதனில் அதிகம், வாரத்திலேயே அதிகம் வியாழனில் என்று எழுதும்போது, ஒப்பீட்டுப் பெயரடைகளைப் பற்றிய பாடம் முழுவதும் அந்த ஏழு எண்ணில் அடங்கிவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ‘இட்’. ‘மழை பெய்தது’ என்பதில் அதற்கு இடமில்லாததால் பிள்ளைகள் ‘ரெயின் கேம்’ என்றோ வெறும் ‘ரெயின்ட்’ என்றோ எழுதுவார்கள். மழை, வெயில், நேரம், தூரம் என்றால் ‘இட்’ என்று தொடங்கு என நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடலாம். மழைக்கால நோட்டுக்கு பால்பாயிண்ட் பேனாதான் சரி. மை பேனாவில் எழுதியது பையோடு நனைந்தால் கரைந்துவிடும்.

மற்ற இலக்கணத்துக்கும் இந்த மண்ணிலேயே விஷயம் இருக்கிறது. கபடி ஆடுகிற பெண்ணிடம் விதிகளை எழுதச் சொல்லுங்கள். அணிக்கு ஏழு பேர், ரெய்டுக்கு முப்பது நொடி, எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் கோடு. ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘மஸ்ட் நாட்’ மூன்றும் அதில் வந்துவிடும். செயப்பாட்டு வினைக்கு நெல் கொள்முதல் நிலையத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நெல் தூற்றப்படுகிறது, ஈரப்பதம் பார்க்கப்படுகிறது, 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைக்கச் சொல்லப்படுகிறது, 40 கிலோ மூட்டையாக எடை போடப்படுகிறது, தைக்கப்படுகிறது, லாரியில் ஏற்றப்படுகிறது. கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுவாமிமலை வார்ப்பு இருக்கிறது: மெழுகில் உருவம் செய்யப்பட்டு, காவிரி வண்டல் பூசப்பட்டு, சூடாக்கி மெழுகு உருக்கி எடுக்கப்பட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றப்படுகிறது. நரசிங்கம்பேட்டை அருகில் இருந்தால் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையப்படுவதை எழுதலாம். ‘ராமா கில்ட் ராவணா’ என்ற ஒரே வாக்கியத்தை ஆண்டு முழுவதும் திருப்பித் திருப்பி எழுத வேண்டிய அவசியம் இல்லை. தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வடுவூர் ஏரியில் பறவைகள் இறங்கும் மாதங்களில் ஜன்னல் வழியே பார்ப்பதை நிகழ்காலத் தொடர்வினையில் நான்கு வரி எழுதினால், படத்தைப் பார்த்து எழுதும் தேர்வுக் கேள்விக்கு அதுவே பயிற்சி.

‘இதெல்லாம் பரீட்சையில் வராதே’ என்று பெற்றோர் கேட்பார்கள். வரும். பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் கடிதம், அறிவிப்பு, விளம்பரம், படத்தைப் பார்த்துக் கருத்து எழுதுவது, குறிப்பெடுப்பது ஆகியவை ஒவ்வொன்றும் 5 மதிப்பெண் கேள்விகள். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது 2 மதிப்பெண். இவை எதற்கும் மனப்பாடம் செய்த பதில் பொருந்தாது. படம் மாறும், ஊர் மாறும், விஷயம் மாறும். தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, மதகைத் தாண்டி, பிள்ளையார் கோயிலில் இடப்பக்கம் திரும்பி, வாய்க்கால் கரையோடு நேராக என்று வரைந்து எழுதிப் பழகிய பிள்ளை, தேர்வில் எந்த வரைபடம் வந்தாலும் திகைக்காது.

திருத்தம் என்ற இடத்தில்தான் இந்த முறை நிற்பதும் விழுவதும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது நோட்டு. ஒவ்வொரு பிழையையும் சிவப்பில் திருத்த முனைந்தால் ஒரு நோட்டுக்கே பத்து நிமிடம் ஆகும், அது நடக்காது. நடக்காதபோது ‘சீன்’ என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுவதில் வந்து முடிகிறது. முழுவதும் திருத்திக் கொடுத்தாலும் பலன் குறைவே, ஏனென்றால் பிள்ளை அந்தச் சிவப்பு எழுத்துகளை வாசிக்காமல் அப்படியே சுத்தப் பிரதியில் ஏற்றிவிடும். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பார்க்கலாம். முதல் வாரம் வினைச்சொல்லின் இடம், இரண்டாம் வாரம் ‘ஆம்’, மூன்றாம் வாரம் ‘எஸ்’, நான்காம் வாரம் இறந்தகாலம். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்க வேண்டும், திருத்தி எழுதக் கூடாது. என்ன பிழை என்பதைப் பிள்ளையே பக்கத்திலிருப்பவரோடு பேசிக் கண்டுபிடித்து, அந்த வரியை மட்டும் கீழே திரும்ப எழுத வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம். நாளைக்குப் பத்து நோட்டு வீதம் நான்கு நாளில் நாற்பதும் முடியும், எழுதிய வாரத்திலேயே நோட்டு கைக்குத் திரும்பிவிடும். மூன்று வாரம் கழித்து வரும் திருத்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிள்ளைக்கு எதைப் பற்றியது என்றே நினைவிருக்காது. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’, ‘ஆன்’, ‘த’ ஆகியவற்றை எட்டாம் வகுப்பு வரை விட்டுவைப்பது நல்லது. தமிழில் அவற்றுக்கு ஈடில்லை, விதிகளுக்கு விலக்குகள் அதிகம், அவை இல்லாமல் போனாலும் சொல்ல வந்தது பெரும்பாலும் புரிந்துவிடும். பிழையோடு எழுதியதைப் பத்துத் தடவை எழுதச் சொல்லும் தண்டனையை முற்றிலும் கைவிட வேண்டும். பத்தாவது தடவையில் பிள்ளையின் கண் ஓடுவது எழுத்தின் வடிவத்தில்தான், பொருளில் இல்லை.

கைபேசியால் வரும் சிக்கல் இப்போது கைடைவிடப் பெரிதாகிவருகிறது. தமிழில் ஒரு பத்தியைச் சொன்னால் ஆங்கிலத்தில் பத்தி வந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தலைப்பை மட்டும் கொடுத்தாலே கட்டுரை வந்துவிடுகிறது. ஏழாம் வகுப்பு நோட்டில் கல்லூரி ஆங்கிலம் இருந்தால் சத்தம் போட வேண்டாம். பிள்ளையை மேசைக்கு அழைத்து, அதில் இரண்டு வரியை வாசித்துப் பொருள் சொல்லச் சொன்னால் போதும். வரவில்லையென்றால், ‘சரி, தெரிந்த ஐந்து வரி எழுதிக் கொடு’ என்று புதுப் பக்கம் காட்டலாம். கைபேசிக்கு நல்ல உபயோகமும் உண்டு. பிள்ளை தான் எழுதிய வரியைக் குரல் தட்டச்சில் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். தான் சொன்னதைக் கைபேசி அப்படியே எழுதினால் உச்சரிப்பு சரி, வேறு சொல் வந்தால் அந்தச் சொல்லைத் திரும்பப் பழக வேண்டும். ஆனால் கைபேசி இருந்தால்தான் முடியும் என்ற அசைன்மென்ட்டைக் கொடுக்கக் கூடாது. பல வீடுகளில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு வயலுக்கோ வேலைக்கோ போய் இருட்டிய பிறகுதான் திரும்புகிறது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இரவு பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதியதை விரலால் தொட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியும் தமிழில் என்ன என்று கேட்டால் போதும். தமிழில் சொல்ல வந்தால் அது பிள்ளை எழுதியது. சொல்ல வரவில்லை என்றால் எங்கிருந்தோ எடுத்தது. நடவுக்குப் போய்த் திரும்பிய அம்மாவும் இதைச் செய்யலாம், படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஊர் டியூஷனில் சொல்லி எழுதவைக்கும் கட்டுரை மறுநாள் சுற்றியுள்ள எல்லாப் பள்ளிகளின் நோட்டிலும் வந்து நிற்கிறது. சொற்களைக் கொடுங்கள், வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆசிரியர்கள் ஏன் கைடுக் கட்டுரையையே எழுதவைக்கிறார்கள் என்பதற்கு வெளியில் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. நோட்டுப் பார்வை. ஆய்வுக்கு வருபவர் எல்லா நோட்டிலும் ஒரே தலைப்பு, ஒரே நீளம், விடாமல் சிவப்புத் திருத்தம் இருக்கிறதா என்று பார்த்தால், ஆசிரியர் அதையே உண்டாக்கி வைப்பார். பிள்ளைக்குப் பிள்ளை வேறு விஷயம், ஓரத்தில் வெறும் புள்ளி, கீழே பிள்ளை தானே திருத்திய வரி என்றிருக்கும் நோட்டு அரைகுறை வேலையாகவே தெரியும். கல்வி அலுவலர்கள் ஆய்வின்போது ஒரு பிள்ளையின் ஜூன் மாதப் பக்கத்தையும் செப்டம்பர் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதியவரையே இரண்டு வரி வாசிக்கச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் மாதிரி நோட்டுகள் நான்கைக் கொண்டுவந்து, எந்தப் பிழை குறைந்தது, எது குறையவில்லை என்று ஆசிரியர்கள் பேச அரைமணி நேரம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. தலைமை ஆசிரியர்கள் இரு வாரத்துக்கு ஒரு பாடவேளையை இந்த எழுத்துக்கென்று விட்டுத்தந்தால் போதும், பாடத்திட்டம் பின்தங்காது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மழைக்காலத்தில் வட்டார வாரியாக மழையளவை நாளிதழில் வெளியிடுகிறீர்கள். ஆனால் செய்திக்கு இடம் தேவைப்படும் நாளில் அது சில ஊர்களோடு சுருங்கிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவின் எல்லா மழைமானி நிலையங்களின் அளவையும், மழை இல்லாத நாளில் சுழியத்தையும் சேர்த்து, தினமும் ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில் வெளியிட வேண்டுகிறோம். பாட்டிலில் அளந்த பிள்ளை அதைத் தன் ஊருக்குப் பக்கத்து நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எவ்வளவு, ஏன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத அது வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த வாரக் கணக்கு நின்றுவிடும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மன்னார்குடி – நீடாமங்கலம் வட்டாரம்,
திருவாரூர் மாவட்டம்.